பழகின மூக்கு

கண்ணாடிக் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. கதவு தானாக விலகி வழிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“ரேணுகா மேடமும் பாஸ்!” என்று கத்தினான் நிவேதன்.

எதில் பாஸ் என்று ரேணுகாவுக்குப் புரியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்கு உடம்பு துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, பகலுக்கு மட்டும் வரும் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு உறையூரிலிருந்து ஆட்டோவில் ஓடி வந்திருந்தாள். சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவளே கடைசியில் வந்து நிற்கிறோமே என்கிற வெட்கத்தில் அந்தக் கதவை அவள் கவனிக்கவே இல்லை.

“இன்னொரு தடவை வெளிய போய்ட்டு வாங்க மேடம், ஒரு வீடியோ எடுத்துக்கிடுதேன்” என்றாள் நாகர்கோவில் ஜெர்லின். திரையில் அத்தனை நீளமாக வாதம் செய்கிற ஜெர்லின் நேரில் தன் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள் என்று ரேணுகா நினைத்ததே இல்லை.

அங்கே கூடியிருந்த முப்பது சொச்சம் பேரும் ஒருவரை ஒருவர் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் வீட்டு வாசனை இன்னொருவருக்குத் தெரியும். ‘முகர்வு’ என்பது அவர்களுடைய இணையக் குழுவின் பெயர். ஒவ்வொருவர் வீட்டிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி உண்டு. பொத்தானை அழுத்தினால் அது காற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் வாசனையைச் சூத்திரமாக மாற்றி அனுப்பிவிடும். தமிழ்நாட்டின் இன்னொரு மூலையில் இருக்கும் பெட்டி, தனக்குள் உள்ள குப்பிகளிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலந்து, அதே வாசனையை ஒரு காகிதப் பட்டையில் நனைத்து நீட்டும். அதை முகர்ந்து, என்ன வாசனை என்று எழுத வேண்டும். பிறகு பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண் போட வேண்டும். அருவருப்பு எண். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. பத்து என்றால் குடல் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

சம்பளம் கிடையாது. எல்லாரும் தன்னார்வலர்கள். கெட்டுப்போன பாலைக் கண்டுபிடிக்க, காஸ் கசிவை முன்கூட்டியே சொல்ல, காய்ச்சலில் மோப்பம் போனவர்களுக்கு உதவ ஒரு இயந்திர மூக்கை உருவாக்குகிறோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. நல்ல காரியம். தங்களுக்கு ‘மூக்கர்கள்’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

“எல்லாருக்கும் நடுவுல திருச்சிதான். முக்கொம்புல மரத்தடியில உக்காந்து சாப்பிடலாம். மேடை வேணாம், மைக் வேணாம். சும்மா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்” என்றுதான் ரேணுகா குழுவில் முதலில் எழுதியிருந்தாள். இது நிறுவனத்தின் காதுக்குப் போனது. கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் ஏசி ஹால், மதியச் சாப்பாடு, எல்லாம் இலவசம் என்று நிறுவனத்து ஆளான நிவேதன் சென்னையிலிருந்து செய்தி அனுப்பினான். மே மாத வெயில். குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. மரத்தடிக்கு விழுந்த ஓட்டுகள் இரண்டே இரண்டு. ஒன்று ரேணுகாவுடையது. இன்னொன்று தர்மபுரி மாதம்மாளுடையது.

அந்த மாதம்மாளைப் பார்ப்பதற்காகத்தான் ரேணுகா இந்தச் சந்திப்பையே ஏற்பாடு செய்தாள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவளுடன் நாள் தவறாமல் பேசிய ஒரே ஆள் மாதம்மாள்தான். சொந்தத் தம்பி துபாயிலிருந்து “டேக் கேர்க்கா” என்று ஒரு கும்பிடு படம் அனுப்புவதோடு சரி. மாதம்மாளோ போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பேச்சு வராத அப்பாவிடமே, “என்னாங்கய்யா, எம் பொண்ண அழ வெச்சீங்கன்னா திருச்சிக்கே வந்து உதைப்பேன்” என்பாள். அப்பாவின் ஒருபக்க உதடு அப்போது மட்டும் சிரிக்கும்.

“மாதுக்கா வந்தாச்சா?” என்று ரேணுகா கேட்டாள்.

“இன்னும் இல்ல. அவங்கதான் இன்னைக்கு ஸ்டார். சிறந்த மூக்கர் விருது அவங்களுக்குத்தான். பொன்னாடை எல்லாம் ரெடி” என்றான் நிவேதன். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் கலையாத சிரிப்பு. இருபத்தெட்டு வயதுக்குள் இவ்வளவு சிரிக்கக் கற்றுக்கொடுத்த நிறுவனம் பெரிய நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும்.

“இந்தக் கதவு என்ன தம்பி?” என்று கேட்டார் காரைக்குடி சிதம்பரநாதன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இதுதான் சார் உங்களுக்கு சர்ப்ரைஸ். நீங்க கத்துக்குடுத்த மூக்கு இந்தக் கதவுச் சட்டத்துக்குள்ள இருக்கு. உள்ள வர்ற ஆளை முகர்ந்து பாக்கும். அருவருப்பு எண் ஏழுக்குக் கீழ இருந்தா பச்சை. மேல போனா ஆரஞ்சு, கதவு திறக்காது. மேல சென்ட் அடிச்சு ஏமாத்த முடியாது, அடியில என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாத்துடும். சென்னையில ரெண்டு மால்ல போட்டாச்சு. அடுத்தது ஆபீஸ், அப்புறம் ஏசி பஸ்.”

“பால் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கறதுக்குன்னு சொன்னீங்களே?” என்றாள் ரேணுகா.

“அதுவும் கண்டுபிடிக்கும் மேடம்.”

சிதம்பரநாதன் மேலும் கீழும் தலையாட்டினார். “நல்ல ஐடியாதான். பஸ்ல பக்கத்துல ஒருத்தன் வந்து உக்காருவான் பாருங்க, சை!” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ரேணுகா சிரிக்கவில்லை என்றாலும் ஒன்றும் சொல்லவுமில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவுக்கு மேலே ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

வெளியே, கையில் ஒரு மாம்பழக் கூடையுடன், பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈரத் தலையில் கனகாம்பரம். அவளுக்கு எதிரே கதவு மூடியபடியே இருந்தது. இனிமையான ஒரு பெண்குரல் கேட்டது. “அன்பு விருந்தினரே, சற்று நேரம் வெளிக்காற்றில் இருந்துவிட்டு வாருங்கள். தங்கள் வருகைக்கு நன்றி.”

அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய்விட்டு மறுபடி வந்தாள். மறுபடி ஆரஞ்சு. மறுபடி அன்பு விருந்தினரே.

“ஏய் ரேணு! என்னா கண்ணு இது, உங்க ஊரு கதவு என்னைப் பாத்து வெக்கப்படுது?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் உரக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ரேணுகா எங்கே கேட்டாலும் கண்டுகொள்வாள். ஓடினாள்.

உள்ளிருந்து போகிறவர்களைக் கதவு எதுவும் கேட்பதில்லை. திறந்துவிட்டது. ரேணுகா இரண்டு கைகளையும் விரித்து மாதம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

கட்டிக்கொண்ட மறுகணம் வாசனை வந்தது.

சோப்பு வாசனை, ஷாம்பு வாசனை, கனகாம்பரம். அதற்கெல்லாம் அடியில், வெந்நீரில் ஊறி வெந்து செத்த புழுவின் வாசனை. அழுகிய மீனும் ஈரத் துணியும் கலந்தாற்போல ஒரு கனம். ரேணுகாவுக்கு அது புதிதல்ல. காகிதப் பட்டையில் எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறாள். ‘தர்மபுரி, பட்டுக்கூடு வேகவைக்கும் பட்டறை.’ மாதம்மாளுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. கூட்டைக் கொதிநீரில் போட்டு, இழை பிரித்து, பட்டு நூல் எடுத்து விற்கிறவள். பட்டையில் வருவது ஒரு சொட்டு. இது ஒரு முழு மனுஷி.

ரேணுகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அணைப்பைத் தளர்த்தவில்லை என்றாலும் அவள் நெஞ்சு ஏறி இறங்காமல் நின்றுவிட்டதை மாதம்மாள் உணர்ந்திருக்க வேண்டும். மெதுவாக விலகிக்கொண்டாள்.

“லாட்ஜுல ரெண்டு தடவ தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தேன்” என்றாள். சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

அதற்குள் ஜெர்லின் வெளியே வந்திருந்தாள். “மாதுக்கா! நான் ஜெர்லின். ஐயோ, மாம்பழமா! குடுங்க, உள்ள வெச்சிருதேன்.” மூக்கின் கீழே ஒரு விரலை வைத்தபடி கூடையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கதவு கூடையை முகர்ந்தது. பச்சை. மாம்பழம் உள்ளே போயிற்று. கொண்டுவந்தவள் வெளியே நின்றாள்.

ரேணுகா உள்ளே போய் நிவேதனைப் பிடித்தாள். அவள் நுழையும்போது கதவு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பச்சையானது.

“கதவை அணைச்சு வைங்க.”

“முடியாது மேடம். ஹோட்டல்காரங்க இதை வெச்சுத்தான் விளம்பரம் பண்றாங்க. அணைச்சா ஒப்பந்த மீறல்.”

“உங்க சிறந்த மூக்கர் வெளிய நிக்கிறாங்க தம்பி.”

“ரொம்ப சங்கடமா இருக்கு மேடம்” என்று சிரிப்பு மாறாமல் சொன்னான் அவன்.

பிறகு ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். அதைத்தான் ரேணுகாவால் பொறுக்க முடியவில்லை. ஒருவர்கூடக் கெட்ட வார்த்தை பேசவில்லை. எல்லாரும் உதவத்தான் பார்த்தார்கள். ஜெர்லின் தன் கைப்பையிலிருந்து ஒரு மாற்றுச் சுரிதாரை எடுத்து, “இதைப் போட்டுக்கிடட்டும். திருப்பித் தர வேண்டாம்” என்றாள். திருப்பித் தர வேண்டாம் என்பதில் ஓர் அழுத்தம். “சமையல் கட்டு வழியா பின்பக்கம் ஒரு கதவு இருக்கு, அதுல இந்த மெஷின் இல்ல” என்றார் ஈரோட்டுக்காரர் ஒருவர். சிதம்பரநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எதுக்கு இவ்வளவு குழப்பம்? அந்தம்மா கார் பார்க்கிங்ல வசதியா நிழல்ல உக்காரட்டும். வீடியோ கால்ல சேத்துக்குவோம். பெரிய திரை இருக்குல்ல? நாம எல்லாம் ஆன்லைன் ஆளுங்கதானே!”

இதற்குச் சிரித்தவர்கள் முன்பைவிட அதிகம். ஒரு இளைஞன் திரையை இணைக்கவே எழுந்துவிட்டான்.

“அவங்களைப் பாக்கத்தான சார் வந்தோம்?” என்றாள் ரேணுகா.

“பாக்கலாமே. ஹெச்டியில தெரியும்.”

“எல்லாரும் வெளிய போய் உக்காந்து சாப்பிடலாம். எந்திரிங்க.”

யாரும் எழவில்லை. வெளியே வெயில். உள்ளே தட்டுகளில் பிரியாணி. இரண்டு பேர் எழுவதுபோலப் பாவனை செய்து, பக்கத்தில் இருப்பவர் எழாததைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ரேணுகாவுக்கு முகம் எரிந்தது. இத்தனை நாள் நள்ளிரவு வரை இவர்களோடு பேசிச் சிரித்ததை நினைத்தபோது, கெட்டுப்போன ஒன்றைத் தெரியாமல் விழுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

நிவேதன் அவளை ஓரமாக அழைத்துப் போனான். “ஒரு வழி இருக்கு மேடம். எண்ணைக் குறைச்சா கதவு திறந்துடும். மூக்கர்கள் புதுசா எண் போட்டா சில நிமிஷத்துல எல்லாக் கதவுக்கும் போய்டும். எல்லாம் லைவ்.”

“அப்ப நானே குறைக்கிறேன். தர்மபுரி பட்டறைக்கு எண் போட்டதே நான்தான்.”

“நீங்க போட முடியாதே.”

“ஏன்?”

“இப்பதான் அவங்களைக் கட்டிப்பிடிச்சீங்க. உங்களுக்கு அது பழகின வாசனை. விதி இருக்குல்ல மேடம், நீங்க எழுதினதுதானே?”



பழகின மூக்கு விதி. குழு தொடங்கிய புதிதில் எல்லாரும் பாராட்டி ஏற்றுக்கொண்ட விதி அது. தனக்குப் பழகிய வாசனைக்கு யாரும் எண் போடக்கூடாது. பழகிய மூக்கு சலுகை காட்டும், அது நேர்மை ஆகாது. அந்த வாசனையோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர்தான் எண் போட வேண்டும். கருவாட்டுக் கொட்டகைக்கு நாகர்கோவிலிலிருந்து யாரும் போடக்கூடாது, அதனால் காரைக்குடி சிதம்பரநாதன் போட்டார். அவர் வீட்டில் முட்டை வாசனைகூட ஆகாது. தோல் பதனிடும் பட்டறைக்கு ஆம்பூர்க்காரர் ஒதுங்கிக்கொள்ள, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை போட்டார். பட்டறைச் சூத்திரம் வரும்போதெல்லாம் மாதம்மாள் தவறாமல் எழுதுவாள், “இது என் வாசனை கண்ணு, நான் தொடக்கூடாது. நீயே போடு” என்று. ரேணுகா போட்டாள். ஒன்பது.

யாருமே ஏமாற்றவில்லை. ஒருத்தர் விடாமல் நேர்மையாக இருந்தார்கள். அப்படி நேர்மையாக இருந்துதான், ஒவ்வொரு வாசனையையும் அதை அறியாதவர்களின் முகச்சுளிப்பால் நிரப்பி, இந்தக் கதவைக் கட்டியிருக்கிறார்கள்.

“மத்தவங்க போடலாமே” என்றான் நிவேதன். “அவங்க யாரும் கட்டிப்பிடிக்கல. தகுதி இருக்கு.”

காட்சிக்காக வைத்திருந்த பெட்டிகள் மேசை மேசையாகப் போயின. காகிதப் பட்டைகள் நீண்டன. ரேணுகா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். முகர்ந்தார்கள். சிலர் கண்ணை மூடினார்கள். ஒருவர் பட்டையை எறிந்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கண்ணாடிக்கு வெளியே மாதம்மாள் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சவங்கங்கிறதுக்காகக் குறைச்சுப் போடறது தப்பில்லையா?” என்று ஜெர்லின் நிஜமான கவலையுடன் கேட்டாள். “நாம நேர்மையாத்தான போடணும்?”

“நேர்மையாத்தான் போடணும்” என்றார் சிதம்பரநாதன்.

முடிவு திரையில் வந்தது. சராசரி ஒன்பதரை. முன்பைவிடக் கூடியிருந்தது.

நிவேதன் முகத்தில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பொன்னாடையும் கேடயமுமாக வெளியே போனான். கை நீட்டும் தூரத்தில் நின்று பொன்னாடையை மாதம்மாள் தோளில் எறியாத குறையாகப் போர்த்திவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, கும்பிட்டபடி உள்ளே திரும்பினான். கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். சத்தம் வெளியே கேட்டிருக்காது.

ரேணுகா தன் பெட்டியையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாதம்மாள் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து பொன்னாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பட்டுன்னு சொல்லிட்டுப் போறான் அந்தப் பையன். நைலானுடி இது.”

ரேணுகா ஒரு படி விட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த ஒரு படி அவளுக்கே தெரிந்தது.

“மன்னிச்சுக்கக்கா. நான்தான் ஒன்பது போட்டேன்.”

“தெரியும்.”

“விதிப்படி நேர்மையாப் போட்டேன். வேற எப்படிப் போடறதுன்னு தெரியல.”

“நீ எப்பவுமே நேர்மைதான் கண்ணு. எனக்குத்தான் அந்த அளவுக்கு வராது.” மாதம்மாள் பொன்னாடையை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தாள். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “‘நோயாளி அறை’ன்னு ஒரு சூத்திரம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஊரு பேரு போடாம. புண்ணு, மூத்திரம், டெட்டால். அன்னைக்கு சாயங்காலந்தான் நீ எங்கிட்ட போன்ல அழுதிருந்த. எடுத்து மோந்ததுமே உங்கப்பா ரூமுன்னு தெரிஞ்சுபோச்சு. விதிப்படி நான் ஒதுங்கியிருக்கணும்.”

“எவ்வளவு போட்டே?”

“பூஜ்யம்.”

ரேணுகா திரும்பிப் பார்த்தாள்.

“குமட்டலையான்னு கேக்காத. குமட்டுச்சு. போயி வாந்தியே எடுத்தேன். ஆனா அந்த ரூமுல நீ உக்காந்திருக்கியே, அந்த வாசனை உம்மேல இருக்குமே, நாளைக்கு எவனாவது இதை வெச்சு உன்னை என்னமாச்சும் சொன்னா? எனக்கு என்ன தெரியும் இப்பிடி ஒரு கதவு வருமின்னு. சும்மா ஒரு பயம். பூஜ்யம்னு போட்டுட்டுத் தூங்கிட்டேன்.”

காலையில் அப்பாவின் உடம்பைத் துடைத்த கைகளை ரேணுகா மடியில் விரித்துப் பார்த்தாள். அந்தக் கைகளோடுதான் அவளுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

உள்ளே யாரோ மைக் பிடித்துப் பாடத் தொடங்கியிருந்தார்கள். மைக் வேண்டாம் என்று எழுதியது அவளுக்கு எப்போதோ நடந்ததுபோலத் தோன்றியது.

அவள் எழுந்து கதவருகே போனாள். யாரோ வெளியே வந்தார்கள். கதவு விலகிய இடைவெளியில் பெட்டியை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஹாலின் காற்றைப் பெட்டி நன்றாக உறிஞ்சிக்கொண்டது. திரும்பி வந்து பெட்டியை மாதம்மாளின் மடியில் வைத்தாள்.

“இது புது வாசனை. இதுவரைக்கும் யாரும் எண் போடல. உள்ள இருக்கறவங்க போட முடியாது, அவங்களுக்குப் பழகிடுச்சு. நானும் போட முடியாது, உள்ள இருந்தவ. நீ ஒருத்திதான் அதுக்குள்ள போகாதவ. சிறந்த மூக்கர் வேற. மறுக்க ஆள் இல்லைன்னா உன் ஒரு எண்ணே போதும்.”

மாதம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இதுவும் நேர்மையா?”

“விதிப்படி.”

காகிதப் பட்டை நீண்டது. மாதம்மாள் அதை எடுத்துக் கண்ணை மூடி முகர்ந்தாள். பழக்கம் விடவில்லை, வாய்விட்டே பிரித்துச் சொன்னாள். “பிரியாணி. ரூமுக்கு அடிக்கிற ஸ்பிரே. பூட்டிவெச்ச ஏசி. சென்ட்டு ஒரு ஏழெட்டு. அட, என் மாம்பழம். வெட்டிட்டாங்களா?” மறுபடி முகர்ந்தாள். முகம் கோணியது. பட்டையைத் தூர எறிந்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோவத்துல போடாதக்கா.”

“கோவம் இல்ல. நெசமாவே பொரட்டுது.” பெட்டியில் பத்து என்று அழுத்தினாள்.

சாப்பாடு முடிகிற நேரம். கை கழுவும் இடம் ஹாலுக்கு வெளியே, வராந்தாக் கோடியில் இருந்தது. முதலில் சிதம்பரநாதன் வந்தார். கை கழுவி, வாய் கொப்பளித்து, கைக்குட்டையால் துடைத்தபடி கதவுக்கு எதிரே போய் நின்றார். ஆரஞ்சு.

“அன்பு விருந்தினரே, சற்று நேரம் வெளிக்காற்றில் இருந்துவிட்டு வாருங்கள்.”

அவர் சிரித்தார். சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துக்கொண்டார். மறுபடி போய் நின்றார். மறுபடி அன்பு விருந்தினரே. இரண்டாம் முறை சிரிக்கவில்லை. பின்னாலேயே ஜெர்லின், ஈரோட்டுக்காரர், இன்னும் சிலர் எச்சில் கையோடு வெளியே வந்து, கழுவிக்கொண்டு திரும்பி, கண்ணாடியில் முட்டிக்கொண்டார்கள். என்ன கலவரம் என்று பார்க்க வந்த நிவேதனும் மாட்டிக்கொண்டான். சென்னைக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. உள்ளே மிஞ்சியிருந்தவர்கள் நடப்பதைப் புரிந்துகொண்டு, வெளியே வராமல், கழுவாத கையோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

வெளியே தள்ளப்பட்டவர்கள் வெயிலுக்கு ஒதுங்கப் போர்ட்டிகோவுக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு நிழல் இல்லை. வந்தார்கள். படியில் உட்கார்ந்திருந்த மாதம்மாளைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, பேசி வைத்ததுபோல, தூணைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போய்த் தொட்டிச் செடிகளை ஒட்டி நெருக்கியடித்து நின்றார்கள். பாதிப் பேர் மேல் வெயில் அடித்தது. பரவாயில்லை என்று நின்றார்கள். சிதம்பரநாதன் ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிவேதனிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் இந்தப் பக்கமும் கேட்டது.

“ஏன் தம்பி, நம்மளைப் போய் அந்தம்மாவோட சேத்து நிறுத்தியிருக்கே, மெஷின்ல ஏதோ கோளாறு.”

ரேணுகாவுக்கு வந்த அருவருப்புக்கு அந்தப் பெட்டியில் எண் இல்லை. எழுந்து போய் ஏதாவது கேட்கலாம் என்று வாய் துடித்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது? திரும்பி, நடுவில் இருந்த அந்த ஒரு படியை இறங்கி, மாதம்மாளின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏற அந்த வாசனையும் ஏறிக்கொண்டிருந்தது.

மாதம்மாள் அவளைப் பார்க்காமல், எதிரே நின்ற கார்களைப் பார்த்தபடி கேட்டாள்.

“நெசத்தைச் சொல்லு. இப்ப எவ்வளவு?”

ரேணுகா பொய் சொல்ல யோசித்தாள். வரவில்லை.

“ஒன்பது.”

“அப்ப கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு. நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேன்.”

“ஒன்பதுதான்கா” என்றாள் ரேணுகா. “இருந்துட்டுப் போகட்டும். நீ எப்ப வர்றே எங்க வீட்டுக்கு? அப்பா காலையிலேருந்து வாசலையே பாத்துட்டிருக்காரு.”